ஐ.எஸ்.ஐ. கழுத்து

கீழ்ப்பாக்கம், சென்னை
4-9-1986

அன்புள்ள அத்தானுக்கு,

பாமா எழுதுவது. உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே அக்காவிடம் தூக்கிப் போடுவீர்கள் என்றுதான் வீட்டுக்குப் போடாமல் ஃபாக்டரி விலாசத்துக்குப் போடுகிறேன். அங்கே வருகிற தபாலைப் பிரித்துத்தானே ஆக வேண்டும்.

மார்ச்சில் நடந்ததை நான் மறக்கவில்லை. நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். டாக்டர்கள் கூட்டத்தில் உங்கள் டாப்ளர் மெஷினைப் பற்றி நீங்கள் பேசி முடித்தீர்கள். கையேட்டில் கழுத்து ரத்தக்குழாய்க்கு நார்மல் என்று போட்டிருக்கும் அளவு எங்கள் ஊர்க் கழுத்துகளில் வருவதில்லையே என்று நான் எழுந்து கேட்டேன். ஒரே ஒரு கேள்வி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அதற்கு நான் என்ன செய்ய? மத்தியானம் என் வீட்டில் இலை போட்டு, சாதமும் பரிமாறின பிறகு எழுந்து போனீர்கள். அக்கா ரசக் கரண்டியோடு அப்படியே நின்றாள். எனக்கும் ஆறு மாதமாய்க் கோபம்தான். மச்சினி என்றால் சபையில் கேள்வி கேட்கக் கூடாதா?

இது சமாதானக் கடிதம் இல்லை. ஒரு காரியமாக எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புது அல்ட்ராசவுண்ட் மெஷின் வந்திருக்கிறது. வெளிநாட்டு மெஷின் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். உங்கள் மெஷின் ரத்தம் ஓடுகிற சத்தத்தைக் கேட்க வைக்கும். இது ரத்தக்குழாயைப் படமாகவும் காட்டும். படத்தில் எந்த இடத்துச் சத்தம் வேண்டுமோ அந்த இடத்தில் கோடு போட்டுக் கேட்கலாம். கோடை முடிந்ததிலிருந்து கழுத்து கழுத்தாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்ல குழாயில் ரத்தம் அவசரப்படுவதில்லை. உஸ்... உஸ்... என்று தணிந்துதான் கேட்கும். உள்ளே கொழுப்புப் படிந்து குறுகிப்போன இடத்தில்தான் அது பாய்கிறது, சத்தமும் கீச்சென்று மேலே ஏறுகிறது. தோட்டத்து ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சுமே, அது மாதிரி.

போன வாரம் மேஜையை ஒழித்தபோது உங்கள் மெஷினோடு வந்த கேசட் அகப்பட்டது. ‘ஆரோக்கியமான கழுத்து ரத்தக்குழாயின் சத்தம்’ என்று லேபிள். போட்டுக் கேட்டேன். அத்தான், அது ஆரோக்கியமான சத்தம் இல்லை. நான் இதுவரை கேட்ட மோசமான கழுத்துகளோடு சேர்க்க வேண்டியது அது.

அது யாருடைய கழுத்து? அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார்? இதை மட்டும் எழுதுங்கள், போதும்.

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மார்ச்சில் வந்தபோது என்னைப் ‘பின்னி’ என்று கூப்பிட்டாள். உங்கள் ஊரில் நான் தெலுங்குச் சித்தியாகிவிட்டேன் போல.

அன்புடன்,
பாமா


மேற்கு மாரெட்பள்ளி, செகந்திராபாத்
16-9-1986

டாக்டர் பாமா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. வெளிநாட்டு மெஷின் வாங்கியதற்கு வாழ்த்துகள். சனத்நகரில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து மெஷின் பண்ணுகிற எங்களைப் போன்றவர்களுக்கு, படத்தில் கோடு போட்டுக் கேட்கிற பாக்கியம் எல்லாம் கிடையாது. எங்களுக்குக் காது இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறோம்.

தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். கையில் பிடிக்கிற புரோபை ரத்தக்குழாய்க்கு நேர் செங்குத்தாக வைத்தால் ஒரு சத்தமும் வராது. சாய்த்துப் பிடிக்க வேண்டும். சாய்வு மாறினால் அளவு மாறும். சென்னைக் கழுத்துகளில் கையேட்டு அளவு வரவில்லை என்றால் குற்றம் மெஷினில் இல்லை, பிடிக்கிற கையில் இருக்கிறது. இதை அன்றைக்கு மேடையிலேயே சொல்லியிருப்பேன். வீட்டுப் பெண்ணாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு இறங்கினேன்.

கேசட்டில் இருப்பது எங்கள் ஃபாக்டரியில் வேலை பார்க்கும் ஒருவருடைய இடது கழுத்து. ஆரம்ப நாட்களில் ஒவ்வொருவர் கழுத்திலும் வைத்துப் பார்த்தோம். எல்லோருக்கும் மந்தமாய், அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி கேட்டது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் இவருடைய கழுத்தில் வைத்தபோதுதான் சீட்டி அடித்த மாதிரி சுத்தமாய் வந்தது. அன்றைக்கு ஃபாக்டரியே கை தட்டியது. அதிலிருந்து எந்த மெஷினும் அந்தக் கழுத்தில் பாஸ் ஆகாமல் வாசல் தாண்டுவதில்லை. சீட்டி வராவிட்டால் திரும்ப பெஞ்சுக்குப் போகும். எங்கள் டெக்னீஷியன் யாதகிரி, தர முத்திரை மாதிரி, அதற்கு ஐ.எஸ்.ஐ. கழுத்து என்றே பெயர் வைத்திருக்கிறான்.

ஜனவரியில் டெல்லிக் கமிட்டி வருகிறது. அவர்கள் சரி என்றால் ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் எங்கள் மெஷின் போகும். இல்லை என்றால் இந்தப் பிரிவை மூடிவிட்டு டி.வி. பெட்டி அசெம்பிள் பண்ணச் சொல்வார்கள். இந்தச் சமயத்தில் ஒரு டாக்டரிடமிருந்து இப்படி ஒரு கடிதம் ஃபாக்டரி விலாசத்துக்கு வருவது நல்லதில்லை. இனி எழுதுவதானால் வீட்டுக்கே எழுதவும். என் பெயருக்கு வருகிற கடிதத்தைச் சாவித்ரி பிரிப்பதில்லை.

மேற்படி ஆள் கல்லு மாதிரி இருக்கிறார். கவலை வேண்டாம்.

இப்படிக்கு,
பாலச்சந்திரன்
துணை மேலாளர்

பி.கு: சாவித்ரிக்கு இதெல்லாம் தெரியாது. தெரியவும் வேண்டாம்.


கீழ்ப்பாக்கம், சென்னை
25-9-1986

மாண்புமிகு துணை மேலாளர் அவர்களுக்கு,

போதுமா மரியாதை? இனி அத்தான் என்றே கூப்பிடுகிறேன்.

சாய்வுப் பாடத்துக்கு நன்றி. புது மெஷினில் குழாய் எந்தச் சாய்வில் போகிறது என்பது படத்திலேயே தெரிகிறது. கணக்கும் அதற்குத் தகுந்தபடி போடப்படுகிறது. இருந்தாலும் உங்கள் பேச்சை மதித்து, உங்கள் மெஷினையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே ஆளின் கழுத்தில் இரண்டிலும் பார்த்தேன். ஒரு ஆள் இல்லை, வார்டில் கிடைத்த எல்லோரையும் பார்த்தேன். உங்கள் மெஷின் சொல்வதும் இது சொல்வதும் ஒன்றுதான். உட்கார்ந்து படியுங்கள்: உங்கள் மெஷின் தங்கமான மெஷின். கையேடுதான் தப்பு. குறுகிப்போன ஒரு கழுத்தை நார்மல் என்று எடுத்துக்கொண்டு, நல்ல கழுத்துகளையெல்லாம் சரியாய்ப் பிடிக்கவில்லை என்று தள்ளியிருக்கிறீர்கள்.

கல்லு மாதிரி இருக்கிறார் என்கிறீர்கள். இந்த வியாதிக்காரர்கள் எல்லோரும் கல்லு மாதிரிதான் இருப்பார்கள். மூளைக்குப் போகிற குழாய் அது. அடைப்பிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மேலே போகிற வரைக்கும் படியேறுவார்கள், சைக்கிள் மிதிப்பார்கள், மச்சினியோடு சண்டை போடுவார்கள். அப்புறம் ஒரு நாள் பல் துலக்கும்போது கீழே விழுவார்கள்.

அதற்கு முன்னால் சில பேருக்கு எச்சரிக்கை வரும். ஒரு கண் மட்டும் சிறிது நேரம் இருட்டிக்கொண்டு வரும். கையில் பிடித்த பொருள் காரணமில்லாமல் நழுவும். தெரிந்த சொல் வாயில் வராது. பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், சரியாகிவிடுகிறதாலேயே யாரும் டாக்டரிடம் போக மாட்டார்கள். அந்த ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். முடிந்தால் சென்னைக்கு அனுப்புங்கள். என் வீட்டிலேயே தங்கட்டும், நானே பார்க்கிறேன். எங்கள் சீஃப் கழுத்துக் குழாயைத் திறந்து உள்ளே இருப்பதை வழித்தெடுக்கிற ஆபரேஷன் செய்கிறார். இந்த ஊரில் அதைச் செய்கிறவர்கள் அதிகம் இல்லை.

அவருக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கும் இல்லையா, அத்தான்?

பாமா


மேற்கு மாரெட்பள்ளி
13-10-1986

பாமாவுக்கு,

உன் தொல்லை தாங்காமல் அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன். சிரித்தார். கையில் பிடித்த பொருள் நழுவுகிறதா என்றால், சனத்நகர் பஸ்ஸில் கூட்டத்தில் ஒற்றைக் காலில் நிற்கும்போது சில்லறை நழுவத்தான் செய்யும் என்கிறார். நியாயம்தானே.

கண் விஷயத்தையும் விட்டுவிடாமல் கேட்டேன். ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது இடது கண்ணுக்கு மேலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு திரை இறங்கியதாம். சத்தமில்லை, வலியில்லை. கண்ணாடியில் பாதி முகம்தான் தெரிந்ததாம். பயந்துபோய் இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தாராம். பிரஷ்ஷைக் கழுவி வைப்பதற்குள் திரை தானாகவே மேலே ஏறிவிட்டதாம். முதல் நாள் கல்யாண வீட்டில் பிரியாணி. பித்தம். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

சிகரெட் பிடிப்பார். ஃபாக்டரியில் பிடிக்காதவர் யார்?

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இனிமேல் கமிட்டி முடிகிறவரை என்னை வேலை பார்க்க விடு. கையேட்டைப் பற்றி நீ எழுதியது இருக்கட்டும். கமிட்டி முடிந்ததும் நிதானமாய்ப் பேசலாம். ஜெனரல் மேனேஜர் வெங்கடகிருஷ்ணன் தினம் இரண்டு தடவை என் மேஜைக்கு வந்து நிற்கிறார். தார்நாகாவிலுள்ள ஆராய்ச்சி லேபிலிருந்து ஒரு விஞ்ஞானியும் கமிட்டியில் இருக்கிறாராம். துருவித் துருவிக் கேட்கிற ஆள் என்று பேச்சு.

சாவித்ரி தீபாவளிக்கு உனக்கு முறுக்கு அனுப்பப் போகிறாளாம். உடையாமல் வந்தால் எனக்குச் சொல்.

பாலச்சந்திரன்


கீழ்ப்பாக்கம், சென்னை
9-11-1986

அத்தான்,

முறுக்கு வந்தது. அதோடு அக்காவின் கடிதமும் வந்தது. தீபாவளியன்று காலை உங்கள் கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவிப் பட்டு வேட்டியெல்லாம் காப்பியாம். எண்ணெய்க் கை, வழுக்கிவிட்டது என்றீர்களாம். ‘எண்ணெய் தேய்த்துக் குளித்து, சீயக்காய் போட்டு, வேட்டியும் கட்டின பிறகு எங்கேடி எண்ணெய்க் கை?’ என்று அக்கா கேட்டு எழுதியிருக்கிறாள். அவளுக்கு அது ஒரு வேடிக்கை. எனக்கு இல்லை.

உங்கள் போன கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அடுத்தவன் கண்ணில் இறங்கின திரைக்கு நிறம் எழுதுகிறீர்கள். பிரஷ்ஷைக் கழுவினதுகூடத் தெரிகிறது. பித்தமாம், பித்தம்!

பிறகு கேசட்டை எடுத்தேன். சத்தம் முடிந்ததும் எல்லோரும் நிறுத்திவிடுவோம், நானும் அப்படித்தான் செய்திருந்தேன். இந்தத் தடவை நிறுத்தாமல் ஓட விட்டேன். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஒரு குரல், “ஹோ கயா சார், காலர் பட்டன் லகாலோ.” முடிந்தது, காலர் பட்டனைப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறது. அப்புறம் ஒரு தொண்டைக் கனைப்பு. அதற்கப்புறம் டீ வரவழைக்கச் சொல்கிற இன்னொரு குரல், “சாய் மங்காவ், யாதகிரி.”

அந்தத் தொண்டைக் கனைப்பை அக்கா கல்யாணத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் ஏன் பொய் சொன்னீர்கள்? சண்டை வேறு, இது வேறு இல்லையா? நான் அந்த முகம் தெரியாத ஆளுக்காக ஒரு மாதமாய்த் தூங்காமல் இருந்தேன். நீங்கள் எனக்கு முறுக்கு உடையாமல் வந்ததா என்று எழுதுகிறீர்கள்.

டாக்டராகச் சொல்கிறேன். இடது கழுத்துக் குழாய் இடது கண்ணுக்கும் மூளையின் இடது பாதிக்கும் ரத்தம் கொடுக்கிறது. வலது கையையும் பேச்சையும் நடத்துவது அந்த இடது பாதி. இடது கண்ணில் திரை, வலது கையில் டம்ளர், இடது கழுத்தில் சீட்டி. மூன்றும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. உடனே லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டு வாருங்கள். அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

பாமா


மேற்கு மாரெட்பள்ளி
19-11-1986

அன்புள்ள பாமாவுக்கு,

ஆமாம். என் கழுத்துதான்.

கோபத்தில் பொய் சொன்னேன் என்று நினைக்காதே. உன் முதல் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஜூனில் அந்தத் திரை இறங்கினதிலிருந்தே மனசின் ஒரு மூலையில் சந்தேகம். யாரோ ஒருவருடைய கழுத்து என்று எழுதினபோது, அது நிஜமாகவே யாரோ ஒருவருடைய கழுத்தாகிவிட்ட மாதிரி கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. உனக்கு இது புரிகிறதோ என்னவோ.

நான்கு வருஷமாய் என் சட்டைக் காலரை அவிழ்த்து எத்தனை மெஷினுக்குக் கழுத்தைக் காட்டியிருப்பேன்! மந்திரிக்குக் காட்டினேன். ரஷ்யாவிலிருந்து வந்த குழுவுக்குக் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் சீட்டி வரும், கை தட்டுவார்கள், எனக்குப் பெருமை தாங்காது. அவர்கள் கை தட்டினது என் வியாதிக்கு என்று நீ சொல்கிறாய். இதை நான் எப்படி ஜீரணிக்க?

என் நிலைமையைக் கேள். கமிட்டி ஜனவரி 21ஆம் தேதி வருகிறது. அதற்கு முன் நான் சென்னைக்கு வந்து ஆபரேஷன் பண்ணிக்கொண்டால் விஷயம் வெளியே வரும். நார்மல் என்று நாங்கள் அச்சடித்ததெல்லாம் நோயாளியின் அளவு என்று தெரிந்தால் கமிட்டி மெஷினைப் பார்க்கவே பார்க்காது. கையேடு மட்டும்தான் தப்பு, மெஷின் தங்கம் என்று நீ சொல்லலாம். ஃபைலில் அப்படிப் பிரித்து எழுத மாட்டார்கள். வெங்கடகிருஷ்ணன் முதல் ஆளாய்க் கழன்றுகொள்வார். யாதகிரியும் மற்றவர்களும் டி.வி. பெட்டிக்கு ஸ்க்ரூ முடுக்கப் போவார்கள். பன்னிரண்டு வருஷம் மண்ணாய்ப் போகும்.

ஒரே ஒரு தடவை இன்னும் இந்தக் கழுத்தைக் காட்டிவிடுகிறேன். சீட்டி வரட்டும், கையெழுத்துப் போடட்டும். மறுநாளே கையேட்டைத் திருத்துகிறேன், பழைய மெஷின் வாங்கின எல்லோருக்கும் எழுதுகிறேன். 22ஆம் தேதிக்குச் சார்மினார் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டேன். நீயும் உன் சீஃபும் என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

எனக்குப் பயமாய் இருக்கிறது பாமா. கத்திக்கு இல்லை. பேச்சு வராமல் போய், பாப்பா கேட்கிறதற்குப் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பேனோ என்றுதான். ஆனாலும் 21 வரைக்கும் பொறு. சாவித்ரியிடம் சொல்லாதே. சொன்னால் அவள் ஃபாக்டரி வாசலிலேயே வந்து நிற்பாள். உனக்குக் கோடி புண்ணியம்.

அத்தான்


கீழ்ப்பாக்கம், சென்னை
27-11-1986

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று இரண்டு தடவை அக்காவுக்குக் கடிதம் எழுதிக் கிழித்தேன். நீங்கள் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அதனால்தான் கிழித்தேன், நீங்கள் சொன்ன காரணத்தினால் இல்லை. உங்கள் காரணம் எனக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. ஜில்லா ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் உங்கள் கையேட்டை நம்பி, சீட்டி அடிக்கிற கழுத்தோடு ஒரு மனுஷனைச் சௌக்கியம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினால் அது யார் தலையில் விடியும்? இதை ராத்திரி படுக்கும்போது யோசியுங்கள்.

சீஃபிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். நாள் கடத்தக் கூடாது என்கிறார். நீங்கள் கடத்தியே தீருவேன் என்கிறபடியால் இவற்றையாவது செய்யுங்கள். கூட அனுப்பியிருக்கும் ஆஸ்பிரினைச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் போடுங்கள். சிகரெட்டை இன்றைக்கே விடுங்கள், நாளைக்கு என்ற பேச்சே வேண்டாம். சலூனில் முடி வெட்டினதும் தலையைப் பிடித்துக் கழுத்தைச் சொடுக்குவானே, அதற்கு உட்காரவே கூடாது. மெஷின் பாஸ் பண்ணுகிறேன் என்று தினம் அந்த இடத்தில் புரோபை வைத்து அழுத்தாதீர்கள். வேறு கழுத்தே இல்லையா உங்கள் ஃபாக்டரியில்?

இன்னொன்று. இதை மறக்காதீர்கள். சீட்டி கேட்கிற வரைக்கும் அந்தக் குழாயில் ரத்தம் போகிறது, எங்களால் ஏதாவது செய்ய முடியும். ஒரு நாள் சீட்டி நின்றுபோனால் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். அது முழுக்க அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அதன் பிறகு அந்தக் குழாயைத் திறக்க எங்கள் சீஃபாலும் முடியாது.

கையோ காலோ கண்ணோ, இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் நம் ஒப்பந்தம் அந்த நிமிஷமே ரத்து. சத்தியமாய்ச் சொல்லிவிட்டேன்.

பாமா


மேற்கு மாரெட்பள்ளி
3-1-1987

அன்புள்ள பாமாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. மாத்திரை போடுகிறேன். சிகரெட் தினம் இரண்டாகக் குறைந்திருக்கிறது, திட்டாதே. சலூன்காரன் மனசு நொந்துபோய்விட்டான்.

உன் பேச்சைக் கேட்டு ஒரு மாதமாய்க் கழுத்தை யாருக்கும் காட்டவில்லை. கமிட்டிக்கு வைக்கிற மெஷின்களை மட்டும் நேற்று பாஸ் பண்ணினோம். சத்தம் முன்னைவிட இன்னும் மேலே போயிருக்கிறது. மெல்லிசாய், ஊசி மாதிரி. யாதகிரிக்கு ஒரே குஷி, ஏக் நம்பர் சார், முதல் தரம் சார் என்கிறான். நானும் சிரித்தேன். நீ எழுதினதெல்லாம் மனசில் ஓடிக்கொண்டே இருக்கும்போது சிரிக்க வேண்டியிருந்தது.

கை நன்றாய் இருக்கிறது. இந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும். நேற்று மட்டும் ஒரு ஃபைலில் என் பெயருக்கு அடுத்து என்ன எழுதுவது என்று கொஞ்சம் திகைத்தேன். வேலை அலுப்பு.

அத்தான்


கீழ்ப்பாக்கம், சென்னை
10-1-1987

அத்தான்,

ஊசி மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். குழாய் இன்னும் குறுகியிருக்கிறது, அதனால்தான் இன்னும் கீச்சிடுகிறது. திகைத்தது அலுப்பு இல்லை. ஒப்பந்தம் ரத்து.

ஃபாக்டரிக்கு மூன்று தடவை டிரங்க் கால் போட்டேன். மீட்டிங்கில் இருக்கிறார் என்கிறார்கள். அக்காவுக்குத் தந்தி கொடுக்கலாம் என்றால், அவள் தனியாய் நின்று தந்தியில் இதைப் படித்துவிட்டு என்ன ஆவாள்? பக்கத்தில் நான் இருந்தே சொல்ல வேண்டும். இங்கே டியூட்டி மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காமல் அலைந்து, 20ஆம் தேதி சாயங்காலம் சார்மினாரில் இடம் வாங்கியிருக்கிறேன். 21 காலையில் உங்கள் வீட்டில் இருப்பேன். நான் வருகிறவரை வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. கமிட்டி ஒரு மணி நேரம் காத்திருந்தால் செத்துவிடாது.

பொங்கலுக்குள் இது உங்கள் கையில் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போடுகிறேன். கிடைத்ததும் மனசு மாறினால் அன்றைக்கே ரயில் ஏறுங்கள். நான் எழும்பூரோ சென்ட்ரலோ எங்கே என்றாலும் வந்து நிற்கிறேன்.

பாமா


மேற்கு மாரெட்பள்ளி
5-4-1987

அன்புள்ள பாமாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு நாலைந்து வரி என்று ஒரு வாரமாய் எழுதுகிற கடிதம். சில சொல் வரமாட்டேன் என்று நிற்கிறது. அப்போது சாவித்ரி எடுத்துக் கொடுக்கிறாள்.

நீ வந்து ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எனக்குப் பேச்சு வரவில்லை. அன்றைக்கு ஃபாக்டரியில் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருப்பாய். நான் சொல்ல வேண்டாமா?

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் இரு என்று எழுதியிருந்தாய். இருக்கவில்லை. உன் ரயில் அன்றைக்கு லேட்டாம். நீ ஆட்டோவை விட்டு இறங்கும்போது நான் சனத்நகர் போய்ச் சேர்ந்துவிட்டேன். காலையில் சட்டைப் பட்டனைப் போட வலது கை வரவில்லை. சாவித்ரி போட்டுவிட்டாள். அவசரத்தில் பட்டன் போடக்கூடத் தெரியலையா என்று கேலி செய்தாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

கமிட்டி வரிசையாய் உட்கார்ந்திருந்தது. அவள் போட்ட பட்டனை யாதகிரி அவிழ்த்தான். ஜெல்லி தடவிப் புரோபை வைத்தான். சத்தம் இல்லை. நகர்த்தினான். இல்லை. கீழே இறக்கினபோது டக் டக் என்று, மூடின கதவில் முட்டித் திரும்புகிற மாதிரி ஒன்று கேட்டது. அவ்வளவுதான். பேட்டரி மாற்றினான். இரண்டாவது மெஷின் வந்தது, மூன்றாவது வந்தது. மூன்றும் ஊமை. தார்நாகாக்காரர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். வெங்கடகிருஷ்ணன் என் காதருகே குனிந்து, கேபிள் கோளாறு என்று சொல்லுங்கள், அடுத்த மாதம் தேதி வாங்கிக்கொள்ளலாம் என்றார். யாதகிரி கண்ணில் தண்ணீர். “நக்கோ சார், நக்கோ, மெஷின் கராப் இல்ல” என்கிறான், வேண்டாம், மெஷின் கெட்டுப்போகவில்லை என்று.

சொல்லியிருக்கலாம் பாமா. கேபிள் கோளாறு என்று ஒரு வார்த்தை. என் பெயரும் கெடாது, தேதியும் கிடைக்கும். ஆனால் மூன்று மெஷினும் என்னைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டு நிற்கின்றன. அவற்றைப் பொய்யாக்க எனக்கு மனசு வரவில்லை. நான் பெற்ற பிள்ளைகள் மாதிரி அவை.

“மெஷின் சரியாக இருக்கிறது. என் குழாய்தான் அடைத்துவிட்டது” என்றேன். புரோபை வாங்கி வலது பக்கம் வைத்தேன். உஸ்... உஸ்... என்று மந்தமாய் வந்தது. இதுதான் நார்மல், எங்கள் கையேட்டில் இருப்பது தப்பு, சென்னையில் ஒரு டாக்டர் இதைப் போன வருஷம் மார்ச்சிலேயே சொன்னார் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்தில் சொற்கள் நின்றுவிட்டன. உன் பெயரை மட்டும் சொல்ல முடியவில்லை. கால் மடங்கினது ஞாபகம் இருக்கிறது.

கமிட்டியின் முடிவு இன்னும் வரவில்லை. யாதகிரி மெஷின் வாங்கினவர்களுக்கெல்லாம் கையேட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடச் சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறான். நான் சொல்ல, சாவித்ரி எழுத, அவன் டைப் அடிக்கிறான். இனி எந்த டாக்டரும் சீட்டியைக் கேட்டுச் சௌக்கியம் என்று சொல்ல மாட்டார்.

ரயிலேறும் முன் நீ சமையலறையில் நின்று, முன்னாலேயே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று அழுதாயாம். வேண்டாம் பாமா. கெஞ்சினவன் நான். திறக்கக்கூடிய குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நாள் கடத்தினவனும் நான். கால் நடக்கிறது. கைக்குத்தான் இன்னும் என் மேல் கோபம்.

யாதகிரி ஒரு சின்ன மெஷினை வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். தினம் காலையில் அடுப்பு பற்ற வைக்கிறதற்கு முன் சாவித்ரி என் வலது கழுத்தில் வைத்துக் கேட்கிறாள். முதல் நாள், என்ன இது, யாரோ வாசல் பெருக்குற மாதிரி இருக்கு, இதுக்கா இவ்வளவு பாடு என்றாள். அதுதான் நல்ல சத்தம் என்று சொல்லிக் கொடுத்தேன். நேற்று நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். வைத்துக் கேட்டாள். பிறகு மிச்ச ஜெல்லியைத் தன் கழுத்தில் தடவிக்கொண்டு அங்கேயும் வைத்துக் கேட்டாள். உஸ்... உஸ்... என்று அதே பெருக்குகிற சத்தம்தான், இன்னும் நிதானமாய். “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு எழுந்து போனாள்.

பன்னிரண்டு வருஷம் வாட்ச்மேன் கழுத்திலிருந்து மந்திரி கழுத்து வரை வைத்துப் பார்த்திருக்கிறேன். அவள் கழுத்தில் ஒரு தடவைகூட வைத்ததில்லை. இன்று யாதகிரி வந்தபோது புதுக் கேசட்டில் அதைப் பதிவு செய்துகொண்டு போனான். ஐ.எஸ்.ஐ. கழுத்து இனி உன் அக்காவுடையது.

லீவு கிடைத்தால் வா. இந்தத் தடவை இலையை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

உன் அத்தான்